ஃபோகஸ் என்னும் குவியம்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தவருக்கு இப்படி ஒரு போன் வராமல் இருக்காது: “அண்ணாச்சி, சிஸ்டம் தொங்கிட்டு. எதைத் தொட்டாலும் டிங்குன்னு சத்தந்தான் வருது.” உண்மையில் எதுவும் தொங்கவில்லை. திரையில் பில் படிவத்துக்குப் பின்னால், ‘இருப்பு குறைந்துவிட்டது, சரியா?’ என்று கேட்டபடி ஒரு சின்னப் படிவம் மறைந்து கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லாதவரை பில் படிவம் எந்த விசைக்கும் செவிசாய்க்காது. ஃபோகஸ் அதனிடம் இல்லை.

லத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு, வீட்டில் தீ வளர்க்கும் இடம். இத்தாலியத்தில் ‘ஃபுவோகோ’, ஸ்பானியத்தில் ‘ஃபுவேகோ’ என்று தீயைக் குறிக்கும் சொற்கள் அதிலிருந்து வந்தவையே. 1604இல் வெளியான தன் ஒளியியல் நூலில் வானியலாளர் கெப்ளர் இச்சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். வில்லை, அதாவது லென்ஸ், வெயிலை ஒன்றுசேர்த்துக் காகிதத்தைப் பொசுக்கும் புள்ளி என்ற பொருள் பின்னர் நிலைத்தது. கணினியில் கதிருக்குப் பதில் விசையழுத்தம்: நாம் தட்டும் எழுத்தெல்லாம் எந்த ஒரு இடத்தில் போய் விழுகிறதோ, அதுவே ஃபோகஸ் உள்ள இடம்.

நம் பாடநூல்கள் ஒளியியலில் இதைக் குவியம் என்கின்றன. கை குவிக்கிறோம், களத்தில் நெல்லைக் குவிக்கிறோம். பல ஓரிடம் சேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. கணினிக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். சிலர் ‘கவனம்’ என்று எழுதுகிறார்கள். திரையில் அது எச்சரிக்கைப் பலகை போலப் படிக்கப்படும். எனக்கு அது உடன்பாடில்லை.

குவியத்தோடு போட்டுக் குழப்பப்படும் இன்னொரு சொல் இசட் ஆர்டர். திரையின் அகலம் எக்ஸ், உயரம் ஒய், நம்மை நோக்கி வரும் திசை இசட். எந்தச் சாளரம் (விண்டோ) மேலே, எது அடியில் என்ற ஒழுங்கு அது. அடுக்கு வரிசை என்றால் யாருக்கும் புரியும். கடை மேசையில் மேலாக விரிந்து கிடப்பது ஒரு சேலை, வாங்க வந்த அம்மா விலை கேட்பது அடியில் கிடக்கும் வேறொன்றுக்கு. அடுக்கும் குவியமும் அப்படித் தனித்தனி. தமிழ் தட்டச்சுக்கான திரை விசைப்பலகையைப் பாருங்கள். எப்போதும் மேலேயே நிற்கும், குவியத்தை மட்டும் வாங்காது. வாங்கினால் ‘அ’ என்று தொட்ட எழுத்து நம் கடிதத்துக்குப் போகாது.

ஜவுளிக்கடைப் படிவம் ஏன் சில நேரம் மட்டும் ஒளிந்துகொள்கிறது? விண்டோஸில் ஒரு சாளரத்துக்கு இன்னொன்றை உரிமையாளராகக் காட்டினால், அது தன் உரிமையாளருக்கு மேலேயே நிற்கும். விண்டோஸ் நிரல்களுக்குப் படிவம் கட்டும் கருவியான விண்டோஸ் ஃபார்ம்ஸில், பதில் சொல்லும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் படிவத்தைத் திறக்கும் ஷோடயலாக் என்ற கட்டளையை, உரிமையாளரைச் சொல்லாமல் வெறுமனே அழைத்தால், அந்த நொடியில் அந்த நிரலில் எந்தச் சாளரம் செயலில் இருக்கிறதோ அதுவே உரிமையாளர். பில் போடுகிறவர் வாட்ஸ்அப் பார்க்க பிரவுசருக்குப் போயிருக்கும்போது நிரலுக்குள் ஓடும் டைமர் இருப்பு எச்சரிக்கையை எழுப்பினால், அந்த நிரலில் செயலில் இருக்கும் சாளரம் எதுவும் இல்லை. படிவம் உரிமையாளர் இல்லாமலே திறக்கும். எதற்கு மேல் நிற்பது என்ற கட்டு அதற்கு இராது. அழைப்பிலேயே பில் படிவத்தை உரிமையாளராகக் கொடுத்துவிட்டால் அது பில் படிவத்துக்கு அடியில் போகாது.

அவசரத்துக்கு டாப்மோஸ்ட், அதாவது எல்லாச் சாளரங்களுக்கும் மேலேயே நிற்கச் செய்யும் அமைப்பு, போடுவதை நான் ஏற்பதில்லை. அது சம்பந்தமில்லாத நிரல்களையும் மறைக்கும். அது தொடுவது அடுக்கைத்தான், குவியத்தை அல்ல. பின்னணியில் இருக்கும் நிரல் தானாக முன்னால் பாய்ந்து குவியத்தைப் பறிப்பதையும் விண்டோஸ் 98 காலம் முதல் விண்டோஸ் தடுத்துவருகிறது. டாஸ்க்பார் பொத்தான் மினுங்குவதோடு சரி. பாதி தட்டிய கடவுச்சொல் வேறு பெட்டியில் போய் விழாமல் இருக்க அந்தத் தடை வேண்டும்.

ஆகவே போனில் முதலில் கேட்க வேண்டியது, “ஆல்ட் டேப் அமுக்குங்க, வேற சின்னப் பெட்டி எதுவும் தெரியுதா?” என்பதை. தெரிந்தால் கோளாறு அடுக்கில். பெட்டி மேலேயே இருந்தும் எழுத்து விழவில்லை என்றால் குவியத்தில்.