புளியங்கொட்டையும் போக்குவரத்து நெரிசலும்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "செங்கல்பட்டு தாண்டியதும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. கால் மணி நேரம் ஊர்ந்தோம். திடீரென்று பார்த்தால் ரோடு காலி. விபத்து இல்லை, சுங்கச்சாவடி இல்லை, பஞ்சரான லாரிகூட இல்லை. அப்புறம் எதற்காக நின்றோம்?" அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, அடுத்த முறை எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றாராம் டிரைவர்.

எலுமிச்சம்பழம் வேண்டாம். இருபது புளியங்கொட்டையும் ஒரு பகடையும் போதும்.

ஒரு தாளில் 100 கட்டங்களை வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். ஐந்து கட்டத்துக்கு ஒன்றாகக் கொட்டைகளை வையுங்கள். கொட்டைதான் கார், ஒரு கட்டம் என்பது ஏழரை மீட்டர் ரோடு, ஒரு சுற்று ஆட்டம் ஒரு நொடி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு காரும் தன் வேகத்தில் ஒன்றைக் கூட்டும், ஆனால் ஐந்தைத் தாண்டாது. முன்னால் எத்தனை கட்டம் காலியோ அதற்கு மேல் வேகம் போகாது. பிறகு ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகப் பகடையை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் அந்தக் காரின் வேகத்தில் ஒன்று குறையும். கைபேசியைப் பார்ப்பது, தும்முவது எல்லாம் அந்த ஒன்றில் அடக்கம். கடைசியாக எல்லாக் கொட்டைகளையும், அதனதன் வேகம் எத்தனையோ அத்தனை கட்டம், ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். நான் முதலில் ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

இது 1992இல் கை நாகெல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் என்ற இரண்டு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் கணினிக்காக எழுதிய மாடல்.

பகடை இல்லாமல் ஆடினால் சுவாரசியமே இல்லை. ஒவ்வொரு காருக்கும் முன்னால் நாலு கட்டம் காலி, எல்லாரும் வேகம் நாலில் காலத்துக்கும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பகடையைக் கையில் எடுத்ததும் கதை மாறுகிறது. முதல் காருக்குப் பகடையில் ஒன்று விழுந்து, அது மூன்று கட்டம்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தது நாலு நகர்ந்துவிட்டதால் அதன் இடைவெளி மூன்றாகிவிட்டது. அடுத்த நொடி அது மூன்றுக்குத்தான் போக முடியும். அதற்கும் பகடையில் ஒன்று விழுந்தால் இரண்டு. மூன்றாவது கார் இப்போது இரண்டுக்கு இறங்க வேண்டும், அது ஒரு தப்பும் செய்யவில்லை. இப்படியே நாலைந்து கார் தள்ளி ஒருவர் முழுசாக நின்றேவிடுவார்.

விதிகளை இன்னொரு முறை பாருங்கள். குறைக்கும்போது எத்தனை வேண்டுமானாலும் ஒரே நொடியில் குறைக்கலாம். கூட்டும்போது ஒவ்வொன்றாகத்தான் கூட்ட முடியும். பிரேக் சட்டென்று பிடிக்கும், ஆக்சிலரேட்டர் மெதுவாகத்தான் எழுப்பும். நெரிசலின் மொத்த ரகசியமும் இந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. கார்கள் குறைவாக இருந்தால், ஒருவரின் தடுமாற்றத்தைப் பின்னால் உள்ள காலியிடம் விழுங்கிவிடும். ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால் விழுங்க இடமில்லை, தடுமாற்றம் பெருத்துக்கொண்டே பின்னால் போகிறது. தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போன்ற நிலைமாற்றம் என்று இயற்பியலாளர்கள் இதில் மயங்கிப்போனார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கொட்டையில் சுண்ணாம்பு தடவி விடுங்கள். அது நெரிசலின் வாலில் போய் ஒட்டும், மெல்ல நகர்ந்து தலைப்பக்கமாக வெளியேறி ஓடிவிடும். நெரிசலோ எதிர்த்திசையில், பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதில் பழைய கொட்டை ஒன்றுகூட இருக்காது, நெரிசல் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு வேகம் உண்டு, நீளம் உண்டு, ஆயுள் உண்டு. ஆனால் எந்தக் காரைப் பிரித்துப் பார்த்தாலும் அதற்குள் நெரிசல் என்று எதுவும் கிடைக்காது. எமர்ஜென்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நெரிசல் பின்னோக்கி ஊரும் வேகத்தை மனக்கணக்காகவே போடலாம். முன்னால் இருப்பவர் கிளம்பியதைப் பார்த்து நாம் கிளம்ப ஏறத்தாழ ஒன்றரை நொடி. நிற்கும் கார் ஒன்றுக்கு ஏழரை மீட்டர். ஆக நொடிக்கு ஐந்து மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். எந்த இன்ஜினுக்கும் இதில் பங்கில்லை, மனிதர் சுதாரிக்கும் நேரம்தான் கணக்கு.

தாளில் சரி, ரோட்டில்? ஜப்பானில் யூக்கி சுகியாமாவின் குழு 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை இறக்கி, எல்லாரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராகப் போங்கள் என்று மட்டும் சொன்னது. சிறிது நேரத்தில் ஒரு கொத்து நின்றது, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பின்னோக்கிப் போனது. 2008இல் கட்டுரை வந்தது. வட்டத்தில் குறுகும் இடம் இல்லை, சிக்னல் இல்லை, பழிபோட எதுவுமே மிச்சமில்லை. காரை வட்டமாக ஓட்டிப் பார்க்கப் பணம் வேண்டும் என்று நம் ஊரில் விண்ணப்பித்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பது என் எண்ணம்.

பயன் இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் இதே போன்ற வட்டத்தில், இருபத்துச் சொச்சம் கார்களில் ஒன்றை மட்டும் தானியங்கியாக ஓடவிட்டார்கள். முன்னால் இடம் கிடைத்ததும் பாயாமல், சராசரி வேகத்திலேயே நிதானமாகப் போவதுதான் அதன் வேலை. பின்னோக்கி ஊரும் நெரிசல் அலை அடங்கிவிட்டது, மொத்தக் கூட்டத்தின் எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது.

நம் ரோட்டில் அந்த இடைவெளியை விட்டால் மூன்று பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் புகுந்துவிடும் என்பீர்கள். நியாயம்தான். லேன் பார்க்காத ரோட்டுக்குக் கட்டங்களைச் சின்னதாக வெட்டி, பைக்குக்குக் கொஞ்சம், பஸ்ஸுக்கு நிறைய என்று ஒதுக்க வேண்டும். நம் பொறியாளர்கள் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

வாசகருக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நீங்கள் நிற்பதற்கு அரை மணி நேரம் முன்பு, உங்களுக்கு 9 கிலோமீட்டர் முன்னால் யாரோ ஒருவர் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிரேக்கை மிதித்திருக்கலாம். நீங்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்த நேரத்தில் அவர் அச்சிறுபாக்கத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்.