பச்சைக் கோடு: எல்லையா, போர்நிறுத்தக் கோடா?

பாலஸ்தீனத் தீர்வு பற்றிய செய்திகளில் "1967 எல்லை" என்று அடிக்கடி எழுதுகிறோம். அது எல்லையும் அல்ல, 1967-இல் போட்டதும் அல்ல. 1949-இல் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளுடன் இஸ்ரேல் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கைகளில் பிறந்த கோடு அது. வரைபடத்தில் பச்சை மையால் வரைந்ததால் எபிரேயத்தில் 'ஹகாவ் ஹயரோக்', அரபியில் 'அல்கத் அல்அக்தர்'. இரண்டுக்குமே பச்சைக் கோடு என்றே பொருள். 1967 ஜூன் 4, அதாவது இஸ்ரேல்-அரபுப் போர் மூண்டதற்கு முந்தைய நாள் வரை இது நின்றதால், அந்த ஆண்டு பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஜெருசலேமில் இதன் மூலக்கோட்டை 1948 நவம்பர் 30-இல் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தளபதி அப்துல்லா அல்-தல்லும் மெழுகுப் பென்சிலால் போட்டார்கள். வரைபடம் 1:20,000 அளவு. கோட்டின் தடிமன் 3 முதல் 4 மி.மீ. நிலத்தில் அது 60 முதல் 80 மீட்டர்! அந்தத் தடிமனுக்குள் வீடுகளும் தெருக்களும் சிக்கின. அவை யாருக்கு என்பதே பிறகு தகராறு. பக்கத்தில் பெய்த் சஃபாஃபா கிராமத்தை முள்வேலி 1967 வரை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது.

ஜோர்டான் உடன்படிக்கையின் 6-ஆம் விதி, வருங்கால எல்லைத் தீர்வை இக்கோடு பாதிக்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே 'எல்லை' பிழை. அதற்காகக் கோட்டுக்கு அப்பால் 1967 போரில் இஸ்ரேல் பிடித்த நிலம் பேரத்துக்குரிய பொதுச்சொத்து ஆகிவிடாது. அது ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-லும் 2024-லும் கருத்துரைத்தது. மேற்குக் கரையும் காசாவும் சேர்ந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனத்தில் சுமார் 22 விழுக்காடுதான். அந்த அளவோடு நாடு அமைக்கப் பாலஸ்தீனத் தலைமை 1988-லேயே இசைந்துவிட்டது. நியாயமான தீர்வு என்றால் இந்த விட்டுக்கொடுப்பைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தமிழில் '1949 போர்நிறுத்தக் கோடு' என்பதே சரி. 'பச்சைக் கோடு' என்று மட்டும் எழுதினால் அதே பெயர் கொண்ட நிக்கோசியா (சைப்ரஸ்), பெய்ரூட் (லெபனான்) கோடுகளோடு குழம்பும். 'கட்டுப்பாட்டுக் கோடு' வேண்டவே வேண்டாம்; அது காஷ்மீருக்கு உரியது, இங்கோ 1967-க்குப் பிறகு மேற்குக் கரையில் கோட்டின் இரு பக்கமும் இஸ்ரேலியப் படை. மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரையும் இதோடு சேர்க்கக் கூடாது: அதன் பாதையில் சுமார் 85 விழுக்காடு மேற்குக் கரைக்கு உள்ளேயே ஓடுகிறது. 'நிலப் பரிமாற்றம்' (தீர்வுக்காக இரு தரப்பும் நிலத்தை மாற்றிக்கொள்வது) என்று செய்தி வந்தால், சுவரிலிருந்து அல்ல, இந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.