ரீமேக் உரிமை வாங்குகிறீர்களா? முதலில் பழைய படத்தின் ஃபிலிம் டப்பாவைத் திறந்து பாருங்கள்

பழைய படங்களை ரீமேக் செய்யலாமா கூடாதா என்று சண்டை போடுபவர்கள் புதுப்படம் நன்றாக வருமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். பழைய ரீல்களைத் துடைத்து ஸ்கேன் செய்து பிழைக்கும் எனக்குக் கவலை வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பாளர் உரிமை வாங்கிய கையோடு, யூனிட் பார்ப்பதற்காக மூலப் படத்தின் பிரிண்டை எங்களுக்கு அனுப்பினார். டப்பாவைத் திறந்ததுமே குப்பென்று வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அசிட்டிக் அமிலத்தைக் கக்க ஆரம்பிக்கும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும், அப்புறம் ஃபிலிம் சுருங்கி முறுக்கிக்கொண்டு எந்த மெஷினிலும் ஓடாது. 14 ரீலில் 9தான் தேறியது. பிரிண்டுகளுக்கெல்லாம் மூலமான நெகட்டிவ் எங்கே என்று கேட்டேன். உரிமைப் பத்திரம் மட்டும் பத்திரமாக இருந்தது!

ரீமேக்குக்கு நான் எதிரி இல்லை. 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, ஒரே நாவலை ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் சுமார் 10 வருடத்தில் மூன்றாம் முறையாக எடுத்த படம். இன்று பேசப்படுவது அந்த மூன்றாவதுதான். கோட்டைவிட்ட படத்தைத் திரும்ப எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1960இன் ‘சைக்கோ’வை 1998இல் கிட்டத்தட்ட ஷாட் ஷாட்டாக, கலரில் எடுத்தார்களே, அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் அதனால் பழைய படத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

கீறல் விழுவது வேறு இடத்தில். 1940இல் பிரிட்டனில் வந்த ‘கேஸ்லைட்’ படத்தை ஹாலிவுட் ஸ்டூடியோ எம்.ஜி.எம். 1944இல் மறுபடி எடுத்தபோது, முந்தைய படத்தின் பிரதிகளையே அழிக்கப் பார்த்தது. நல்லவேளை, சில தப்பின. இன்று யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டாலே போதுமே.

அதனால் உரிமை வாங்குபவர்கள் ஒப்பந்தத்திலேயே நெகட்டிவ் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது, யார் செலவில் ஸ்கேன் செய்வது என்று எழுதி வாங்குங்கள். வாடை வந்தால் ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மற்ற ரீல்களிலிருந்து பிரித்து, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

அந்த ரீமேக் வெளிவந்த வாரம், பழைய படம் எங்கே கிடைக்கும் என்று 4 பேர் என்னிடம் கேட்டார்கள். 9 ரீல் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டேன்.