‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்றால் யார்?

அலுவலகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருளில் காலையில் முதல் ஆளாக நுழையப் பார்க்கிறீர்கள். ‘இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்கிறது திரை. அந்தப் பயனர் வேறு யாருமல்ல, நீங்கள்தான். உடனே பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, கணினியை அணைத்துப் போடுபவர்களும் உண்டு. இரண்டாலும் பெரும்பாலும் பயன் இருக்காது. ஏனென்றால் கோளாறு இருப்பது சர்வர் வைத்திருக்கும் ஒரு பட்டியலில்.

பாஸ்வேர்டுக்கு வேலை நுழையும்போது மட்டும்தான். சரியாக இருந்தால் சர்வர் உங்களுக்கு ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்துவிடும். அதன்பின் நீங்கள் எதைச் சொடுக்கினாலும் அந்த எண்தான் கூடவே போகும். பொருள்களை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோமே, அதுபோலத்தான்: டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இணையத்தில் இந்த டோக்கனைச் சுமக்கும் குக்கீயை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்துத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பை, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கினார். அதுவரை வலைச் சர்வருக்கு ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வருவதுதான்.

கொடுத்த டோக்கன்களை எல்லாம் சர்வர் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கும். இதில் ஒவ்வொரு வரியும் ஒரு செஷன். நீங்கள் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தினால் வரி அழியும். ஆனால் யார் அதை அழுத்துகிறார்கள்? மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்புவோம், மின்சாரம் போகும், வைஃபை அறுந்துவிடும். போகிறேன் என்று சர்வரிடம் யாரும் சொல்வதில்லை. சும்மா இருக்கும் இணைப்பில் தகவல் எதுவும் ஓடாது என்பதால், எதிர்முனையில் இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கிறாரா, வீட்டுக்கே போய்விட்டாரா என்று சர்வருக்குத் தெரியாது. பல சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில், உயிரோடு இருக்கிறாயா என்று இணைப்பைத் தட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. நிரல் அதைக் கேட்டு வாங்கியிருந்தாலும்கூட, அமைப்பை மாற்றாதவரை முதல் தட்டு விழுவதற்கு 7,200 வினாடி ஆகும், அதாவது முழுதாக 2 மணி நேரம். ஆக, ஆள் இல்லாமலே செஷன் பட்டியலில் கிடக்கும். இதைப் பேய் செஷன் என்றே சொல்லலாம்.

லைசென்ஸ் தகராறுகளில் பலவும் இந்தப் பேய்கள் செய்யும் வேலைதான். ‘ஒரே நேரத்தில் 5 பேர்’ என்று வாங்கிய மென்பொருள் தலைகளை எண்ணுவதில்லை, செஷன்களைத்தான் எண்ணுகிறது. 3 பேர் வேலை பார்க்க, 2 பேய்கள் உட்கார்ந்திருந்தால் அடுத்து வருபவருக்கு இடமில்லை. எனவே நிர்வாகக் கணக்கில் நுழைந்து, யார் யார் உள்ளே இருப்பதாகச் சர்வர் நினைக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கடைசியாக எப்போது அசைந்தார் என்ற நேரமும் அங்கே தெரிந்தால் பேயை அடையாளம் காண்பது சுலபம். அந்த வரியை மட்டும் நீக்கினால் போதும். வேர்டு கோப்புகளிலும் இதே கதை நடக்கும்: ஒருவர் திறந்ததும் ~$ என்று தொடங்கும் மறைகோப்பு அதே ஃபோல்டரில் உருவாகும். வேர்டு பாதியில் செத்தால் அது அப்படியே தங்கிவிடும். கோப்பு நிஜமாகவே யாரிடமும் திறந்திருக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் அதை நீக்க வேண்டும்.

பிழைச்செய்தி வரும் மோதலைக்கூடச் சமாளித்துவிடலாம். செய்தியே வராத மோதல்தான் ஆபத்தானது. ஒரே பிரவுசரின் எல்லா டேப்களுக்கும் குக்கீப் பெட்டி ஒன்றே. முதல் டேபில் உங்கள் கணக்கு இருக்கிறது, இரண்டாவதில் அதே மென்பொருளுக்குள் மேலாளர் கணக்கில் நுழைகிறீர்கள். பழைய டோக்கனை அழித்துவிட்டுப் புதியது உட்காரும். முதல் டேப் இன்னும் உங்கள் பெயரையே காட்டும், ஆனால் அங்கே ‘சேமி’ என்று அழுத்தினால் பதிவு மேலாளர் பெயரில் விழக்கூடும். இரண்டு கணக்கும் தேவைப்பட்டால் பிரவுசரில் இரண்டு தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்வது வேறு ரகம். பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், கைபேசியின் மெயில் செயலிக்கு அது தெரியாது. பழையதையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும், சர்வரோ யாரோ திருடன் முயல்வதாக நினைத்துக் கணக்கைப் பூட்டும். எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் உள்ள அலுவலகமாக இருந்தால், சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வு எண்ணைத் தேடும்படி கணினி நிர்வாகியிடம் சொல்லுங்கள். எந்தக் கணினி வழியாகப் பூட்டு விழுந்தது என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். அப்புறம், கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அங்கே அடையாளம் சரிபார்க்கும் கெர்பெரோஸ் முறை, மாற்றி அமைக்காதவரை, உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையே 5 நிமிட நேர வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது.

ஒரே கணக்கைப் பலர் பகிர்வதால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களில் ஓடிய, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த உதவிய சிடிஎஸ்எஸ், பாஸ்வேர்டைப் பயன்படுத்திய முதல் கணினி அமைப்புகளில் ஒன்று. அதில் கோப்புகளைத் திருத்தும் எடிட்டர், திருத்தும்போது ஒரே நிலையான பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கும். ஒரு கணக்கில் ஒருவர்தான் இருப்பார் என்ற நம்பிக்கை. ஆனால் அமைப்பைப் பராமரித்தவர்களுக்கு மட்டும் ஒரே இடத்தில் பலர் நுழைய அனுமதி இருந்தது. ஒருவர் வரவேற்புச் செய்தியையும் இன்னொருவர் பாஸ்வேர்டு கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறின. அதன்பின் நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்தியாக அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது!

இன்றும் ‘அட்மின்’ என்ற ஒற்றைக் கணக்கை நாலு பேர் பகிரும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே தள்ளப்படுவார், அவர் திரும்ப நுழைந்தால் இவர் போவார். பேய் செஷனை நீக்கினாலும் இது தீராது, ஏனென்றால் இங்கே எல்லாரும் நிஜ ஆட்கள். நாலு பேருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து, அதே அதிகாரத்தை ஒவ்வொன்றுக்கும் கொடுப்பதுதான் வழி. கூடுதல் லைசென்ஸுக்குச் செலவாகும் என்று நிர்வாகம் முணுமுணுக்கலாம். நேற்று அந்தப் பதிவை அழித்தது யார் என்று அதே நிர்வாகம் கேட்கும்போது, பகிர்ந்த கணக்கின் பதிவேட்டில் ‘அட்மின்’ என்று மட்டும்தான் இருக்கும்.