சாயத்துக்கு ‘ஏதாவது ஒரு ஸ்பிரிட்’ போதாது

மறுபடியும் அதே மாதிரி ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த முறை பெரம்பூரிலிருந்து. வீட்டிலேயே தோல் பர்ஸும் பெல்ட்டும் செய்து இணையத்தில் விற்கும் இளைஞர். “சார், பழுப்பு நிறம் திட்டுத் திட்டாக விழுகிறது, என்ன செய்யலாம்?” சாயத்தை எதில் கலந்தீர்கள் என்று கேட்டேன். “ஸ்பிரிட் கிடைக்கவில்லை சார். பெயின்ட் கடையில் சில்லறையில் தின்னர் வாங்கினேன்.” வேலை செய்வது படுக்கையறையில். தூசி படியக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொள்கிறாராம். தலைவலி உண்டா என்றேன். உண்டாம். மாலையானால் பார்வையும் கொஞ்சம் மங்குகிறதாம். தையல் வேலையின் களைப்பு என்று நினைத்து, மூக்குக்கண்ணாடியை மாற்றப் போகிறாராம்! கண்ணாடிக் கடைக்கு வேண்டாம், இன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பரிசோதனையில் நிலையான பாதிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தது. எல்லோருக்கும் இப்படி முடியாது.

தோல் பதனிடும் ஆலைகளின் பினிஷிங் பிரிவில் காலம் கழித்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து கிளம்புகிறது என்றும் எனக்குத் தெரியும். அமெரிக்கக் கைவினைஞர்களின் காணொளிகளில் ‘டீநேச்சர்ட் ஆல்கஹால்’, அதாவது குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த ஸ்பிரிட், ஊற்றிச் சாயத்தை நீர்க்கச் செய்வார்கள். அங்கே அது சாதாரண ஹார்டுவேர் கடைச் சரக்கு. இங்கே தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும், அதன்கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. டீநேச்சர்ட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால் என்பதும் இதுதான்), பிரெஞ்சு பாலிஷ் ஆகியவை அந்த விதிகளில் அடங்கும். உரிமம் இல்லாமல் கேனில் வாங்கிவர முடியாது. உடனே மாற்று தேடும் படலம் தொடங்குகிறது: தின்னர், பெட்ரோல், டர்பன்டைன், சானிடைசர், நகப்பூச்சு நீக்கி. பிரசவ மருந்தைத் தவிர எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்துவிட்டார்கள்.

கரைப்பானைத் தேடுவதற்கு முன் கையில் இருக்கும் புட்டி எந்த வகை என்று பாருங்கள். தண்ணீரில் கரையும் சாயத்துக்குத் தண்ணீர்தான். ஆனால் சென்னை போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தைப் பிடித்துக் கசடாக இறக்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அக்ரிலிக் பெயின்ட் என்பது சாயமே அல்ல. தோலின் மேல் படலமாக நிற்பது. அதில் ஸ்பிரிட்டையோ தின்னரையோ விட்டால் தயிர் திரிவதுபோல் திரிந்துவிடும். ஆல்கஹால் அடிப்படையிலான சாயத்துக்கு மட்டும்தான் இந்த ஸ்பிரிட் பேச்செல்லாம்.

அதற்கு நான் சொல்லும் முதல் மாற்று, சாயம் தயாரித்த நிறுவனமே அதை நீர்க்கச் செய்வதற்கென்று விற்கும் ரெட்யூசர். அது கிடைக்கவில்லையென்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கடைகளில் ஐ.பி.ஏ. என்றாலே புரியும். பாரிமுனையை அடுத்த நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தயாரிப்பாளரின் லேபிளோடு சீல் வைத்த புட்டியாகக் கேளுங்கள். கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். பத்து ரூபாய் குறைவு என்றாலும் வேண்டாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐ.பி.ஏ.வில் மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆவாரம்பட்டையிலோ வேலம்பட்டையிலோ பதனிட்ட தோலில் அதைப் பூசினால் மேல்பக்கம் சொரசொரப்பாக எழும்பும், காய நேரமாகும், காய்ந்ததும் விறைக்கும். சானிடைசர் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் கை தேய்ப்புத் திரவச் சூத்திரத்தில் 1.45 சதவீதம் கிளிசராலும் 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. ஜெல் வகையில் கெட்டியாக்கும் பொருள் வேறு. தோலின்மேல் பிசுபிசுப்பான படலம் மிஞ்சும், அதன்மேல் எந்த பினிஷும் பிடிக்காது. நகப்பூச்சு நீக்கிகளில் இருக்கும் அசிட்டோன் தோலின் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும். பஞ்சு உருண்டை அடுத்த இழுப்புக்கு வருவதற்குள் முந்தைய இழுப்பு காய்ந்து கோடு விழும். பெரம்பூர்த் திட்டுக்கும் இதே மாதிரிக் காரணம்தான். பெட்ரோலைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத விருப்பமில்லை: அதில் பென்சீன் இருக்கிறது, பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும்.

பழைய பினிஷிங் மாஸ்டர்கள் சாயம் மெதுவாகக் காய வேண்டுமென்றால் செல்லோசால்வ் என்ற கரைப்பானைக் கொஞ்சம் விடுவார்கள். நிறம் அழகாகத்தான் இறங்கும். ஆனால் அந்த 2-எத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க உறுப்புகளையும் கருவையும் பாதிக்கக்கூடியது. “மாஸ்டர் சொன்னார்” என்று அதைத் தேடிப் போகாதீர்கள்.

இனி, என்னை உண்மையில் எரிச்சலூட்டும் வாக்கியத்துக்கு வருகிறேன். இதில் மெத்தனால் இருக்கலாம் என்று எச்சரித்த மாத்திரத்தில் எதிரிலிருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “நான் குடிக்கவா போகிறேன் சார்? கையில்தானே படுகிறது.”

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியிலிருந்து நம் மக்கள் எடுத்துக்கொண்ட பாடம், மெத்தனால் குடிப்பவர்களின் பிரச்சினை என்பதுதான். அது தவறு. மெத்தனால் வாய் வழியாகப் போனாலும், மூச்சு வழியாகப் போனாலும், தோல் வழியாகப் போனாலும் கல்லீரல் அதை ஒரே மாதிரிதான் நடத்துகிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. பணியிட வரம்புப் பட்டியல்களில் மெத்தனாலுக்கு எதிரே, சருமம் வழியாகவும் உடலுக்குள் செல்லும் என்று தனிக் குறிப்பே உண்டு. உடனே எதுவும் தெரியாது என்பது இன்னொரு கொடுமை. அறிகுறிகள் வெளிப்பட 12 மணி முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். இரவு சாயம் பூசியவர் மறுநாள் மங்கும் கண்ணுக்கு வெயிலைக் காரணம் சொல்வார்.

சருமம் ரெயின்கோட் அல்ல என்பதற்கு நம் தொழிலிலேயே பழைய சாட்சி இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், புதிதாகக் கறுப்புச் சாயம் பூசிய ஷூவை ஈரம் காயும் முன் போட்டுக்கொண்டவர்களுக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. சிலர் மயங்கி விழுந்தார்கள். சாயத்திலிருந்த அனிலினும் நைட்ரோபென்சீனும் பாதத்தின் வழியே ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையைக் கெடுத்திருந்தன. அவர்கள் யாரும் ஷூ சாயத்தைக் குடிக்கவில்லை.

“நான் வாங்குவது தின்னர்தானே, மெத்தனால் இல்லையே” என்று அடுத்த பதில் வரும். சில்லறைத் தின்னர் என்பது ஒரு பொருளே அல்ல, கலவை. டொலுவீன், அசிடேட்டுகள், அசிட்டோன், சிலவற்றில் மெத்தனாலும் உண்டு. அன்றைய கேனில் என்ன விகிதம் என்று விற்கும் கடைக்காரருக்கும் தெரியாது. நீங்கள் காணொளியில் பார்த்துப் பொறாமைப்படும் அந்த அமெரிக்க டின்கள் சிலவற்றிலும் மெத்தனால் கணிசமாகவே கலந்திருக்கிறது. நிறத்தை வைத்தோ வாசனையை வைத்தோ பிரித்தறியலாம் என்பவர்களை நம்பாதீர்கள். முகர்ந்து பார்ப்பதே தப்பு.

ஐ.பி.ஏ. என்றால் பயமில்லாமல் இருக்கலாமா? நஞ்சு குறைவு, அவ்வளவுதான். தீப்பற்றுவதில் அதற்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. சுமார் 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அடுக்களை அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்திச் சுருள் எல்லாமே அதற்குக் கைக்கெட்டும் தூரம். ஆல்கஹால் தீ பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி உட்கார்ந்து பூசுங்கள். ஏ.சி. அறை வேண்டவே வேண்டாம். அது உள்ளிருக்கும் ஆவியையே சுற்றிச் சுற்றி விடும். என்95 முகக்கவசம் தூசுக்கானது, ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த கவசம் ஐ.பி.ஏ.வுக்கு உதவும். மெத்தனாலை அந்தக் கார்ட்ரிட்ஜும் சரியாகப் பிடித்து வைக்காது. மெல்லிய லேடெக்ஸ் உறைக்குப் பதில் நைட்ரைல் உறை, நனைந்தால் உடனே புதியது. சாயக்கறை படிந்த விரலை அதே கரைப்பானில் தேய்த்துக் கழுவும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். கறை நாலைந்து நாளில் தானே போய்விடும்.

விற்பனைக்கான துண்டில் கை வைக்கும் முன் அதே தோலின் ஓரக் கீற்று ஒன்றில் சோதியுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கரைப்பானை எடுத்து ஒரு சொட்டுச் சாயம் விடுங்கள். புகைபோல் பரவிச் சீராகக் கலந்தால் சரி. அடியில் மணல்போல் ஏதாவது தங்கினால் அந்தக் கரைப்பான் உங்கள் சாயத்துக்கு உரியது அல்ல. மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். மூடிய புட்டியில், பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் கூடாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் கண்டிப்பாகக் கூடாது.

தலைச்சுற்றல், வாந்தி, கண்ணில் மங்கல் எது வந்தாலும் மறுநாள் வரை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் “சாயம் பூசினேன்” என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. புட்டியையும் கடை ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள். மெத்தனால் நஞ்சுக்கு முறிமருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் கண்ணைக் காப்பாற்ற முடியும்.