கனடாவின் கஞ்சா சட்டம்: கிராமுக்கு ஒரு டாலர் வரி என்ன செய்கிறது?

கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் வைத்திருப்பதும் 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பெரும்பாலான மாகாணங்களில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. பொது இடத்தில் ஒருவர் கையில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை இருக்கலாம். வீட்டில் வளர்க்க அனுமதிக்கும் மாகாணங்களில் 4 செடி என்பது வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல.

பயிரிட மத்திய சுகாதாரத் துறையின் உரிமம் வேண்டும். விற்பனை மாகாணத்தின் பொறுப்பு. ஒன்டாரியோவில் மாகாண அரசு நிறுவனம்தான் மொத்த வியாபாரி. தனியார் கடைகள் அதனிடமே சரக்கெடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் சரக்குத் தட்டுப்பாடு. 2018 நவம்பரில் ஆல்பர்ட்டா புதிய கடை உரிமங்களை நிறுத்தி வைத்தது. ஒன்டாரியோ குலுக்கல் நடத்தி முதலில் 25 கடைகளுக்கு மட்டும் வாய்ப்பளித்தது. தட்டுப்பாடு நீடிக்கும் என்று நம்பிய பெரிய நிறுவனங்கள், பங்குச் சந்தையில் திரட்டிய பணத்தில் பிரம்மாண்டமான பசுமைக்குடில்களைக் கட்டின. அறுவடை வந்தபோது விற்கப் போதிய கடைகள் இல்லை. சரக்கு தேங்கியது, விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கேனபி குரோத் நிறுவனம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு பசுமைக்குடில்களை மூடியதில் சுமார் 500 பேர் வேலையிழந்தார்கள்.

சரி, விலை சரிந்தால் வரியும் குறைய வேண்டுமே? இங்கேதான் சிக்கல். கஞ்சாப் பூவுக்கான கலால் வரி கிராமுக்கு 1 டாலர், அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. கிராம் 10 டாலருக்குப் போனால் இரண்டும் ஒன்றுதான். அதே கிராம் 4 டாலருக்கு இறங்கினால் வரி மட்டும் 1 டாலரிலேயே நிற்கும், அதாவது 25 சதவீதம். சில மாகாணங்கள் இதன்மேல் கூடுதல் வரியும் போடுகின்றன. வரி வருவாயில் பெரும்பங்கு, 75 சதவீதம், மாகாணங்களுக்குப் போகிறது.

கள்ளச்சந்தையில் வாங்கியவர்களைக் கடைக்கு இழுத்ததில் விலைக் குறைவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் உற்பத்தியாளர் நினைத்தபடி விலையை ஏற்ற முடியாது. பணபலம் உள்ள நிறுவனம் எப்படியோ தாக்குப்பிடிக்கும். சிறு உரிமத்தில் பயிரிடுபவர் வரிப் பாக்கியில் மாட்டிக்கொள்கிறார். வரியை விலையின் சதவீதமாக மட்டும் வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. சட்டத்தை மறுஆய்வு செய்த நிபுணர் குழுவும் 2024 மார்ச்சில் கலால் வரி முறையை அரசு திரும்பப் பார்க்கச் சொன்னது.

அங்குள்ள நம்மவர்களுக்கு இரண்டு விஷயம். அனுமதியில்லாமல் கஞ்சாவைக் கனடாவின் எல்லையைத் தாண்டி எடுத்துப் போவதும் கொண்டு வருவதும் குற்றம். மருத்துவச் சீட்டு இருந்தாலும் விலக்கு இல்லை. அப்புறம், போதையில் வண்டி ஓட்டுவது 2018 டிசம்பர் 18 முதல் கடும் குற்றமாகக் கருதப்படுவதால், குடியுரிமை பெறாதவர்கள் அதில் தண்டனை பெற்றால் நிரந்தர வதிவிட உரிமையே பறிபோகக்கூடும்.