கனவில் விட்ட உதை ஏன் கட்டிலில் விழுகிறது?

1982-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், தூக்கக் கோளாறுகளைக் கவனிக்கும் மருத்துவர்களைத் தேடி 67 வயதுக்காரர் ஒருவர் வந்தார். அதற்கு முன் ஓர் இரவு அவருக்கு ஒரு கனவு. அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார், எதிரணி ஆள் ஒருவன் மலைபோல் வருகிறான், இவர் தோளைக் கொடுத்து மோதுகிறார். விழித்துப் பார்த்தால் கட்டிலில் இல்லை. எழுந்து ஓடி அலமாரி மீது மோதியிருக்கிறார். மேலே இருந்த விளக்கும் கண்ணாடியும் தரையில் கிடக்கின்றன. தலை சுவரில் இடித்திருக்கிறது, முட்டியிலும் அடி.

கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்களும் அவரை இரவு முழுக்கப் படுக்க வைத்து, மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அதே மாதிரி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அதில் ஒருவர் கட்டிலிலிருந்து பாய்ந்துவிடாமல் இருக்க ராத்திரியில் தன்னையே கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தவர். 1986-ல் ஐந்து பேரின் கதையைச் சேர்த்து வெளியிட்டபோதுதான் இது தனி நோய் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. 'ரெம் தூக்க நடத்தைக் கோளாறு' என்பது அதன் பெயர். ரெம் என்பது கண்கள் வேகமாக ஓடும் தூக்க நிலை.

இதைப் படித்ததும் 'கனவு கண்டால் கை கால் ஆடுமா என்ன?' என்று தோன்றும். உண்மையில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். நாம் எல்லோரும் ராத்திரி ராத்திரி கனவு காண்கிறோம். ஓடுகிறோம், மரம் ஏறுகிறோம், சண்டை போடுகிறோம். மூளையின் இயக்கப் பகுதிகள் நிஜமாகவே கட்டளைகளைத் தயார் செய்கின்றன. அப்படியிருந்தும் கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கும் நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்ளாமல் எப்படி விடியும்வரை கிடக்கிறார்கள்?

ரெம் தூக்கத்தை 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் க்ளைட்மனும் அறிவித்தார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்கள் விருட் விருட்டென்று ஓடும் நேரம் அது. அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு ஒன்றைச் சொல்வார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இது வரும். முதல் தடவை சில நிமிடம்தான் இருக்கும், விடிய விடிய நீளும். விடிகாலைக் கனவு பலிக்கும் என்கிறோமே, பலிப்பது இருக்கட்டும், நினைவில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளை வைத்து ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. இந்தத் தூக்கத்தில் மூளை விழித்திருப்பது போல் சுறுசுறுப்பாக இருக்கிறது, ஆனால் கழுத்துத் தசை துணிபோல் துவண்டு கிடக்கிறது. அதனால்தான் அவர் இதை 'முரண் தூக்கம்' என்று அழைத்தார். பிறகு 1960-களில் பூனையின் மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் சின்ன இடம் ஒன்றைச் சிதைத்துப் பார்த்தார்கள். பூனை வழக்கம்போல் தூங்கியது. ரெம் தூக்கம் வந்ததும் தலையைத் தூக்கியது, எழுந்தது, இல்லாத எலியைப் பதுங்கிப் பதுங்கித் துரத்தியது, இல்லாத எதிரியைப் பிறாண்டியது. ஆனால் எதிரில் நிஜமாக இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை. பூனைகளின் பாடு கொடுமைதான். ஆனால் மினியாபொலிஸ் மருத்துவர்கள் தங்கள் நோயாளியைப் புரிந்துகொள்ள இந்தப் பூனைகள்தான் உதவின.

ஆக, அந்த இடத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ரெம் தூக்கம் தொடங்கியதும் பான்ஸில் உள்ள ஒரு சிறு செல் கூட்டம் விழித்துக்கொண்டு, கீழே முகுளத்துக்குச் சேதி அனுப்புகிறது. முகுளத்துச் செல்கள் தண்டுவடத்தில் கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தசையை இயக்கும் நரம்பு செல்கள் அவற்றால் அடங்கிப்போகின்றன. மேலிருந்து 'உதை' என்று கட்டளை வந்தாலும் கீழே கேட்க ஆளில்லை. இந்தப் பூட்டு லேசுப்பட்டதல்ல. 2012-ல் டொரோண்டோ ஆய்வாளர்கள் எலிகளில் இந்த வேதிப்பொருள்களில் ஏதாவது ஒன்றை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். பூட்டு திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருசேரத் தடுத்தபோதுதான் தசை விழித்தது. மூச்சு நடக்க வேண்டுமென்பதால் உதரவிதானத்துக்கும், எப்படியோ கண் தசைகளுக்கும் மட்டும் விதிவிலக்கு.

தாழ்ப்பாள் நேரம் தவறி வேலை செய்வதும் உண்டு. மனம் விழித்த பிறகும் அது சில நொடி விலகாமல் இருந்தால் கண் திறந்திருக்கும், விரல் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும் நோய் இதற்கு நேர் எதிர்: விலகக் கூடாத நேரத்தில் தாழ்ப்பாள் விலகிவிடுகிறது.

தூக்கத்தில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது, ராத்திரியின் முற்பகுதியில், ரெம் அல்லாத ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கிளம்புவது. கண் திறந்திருக்கும், காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. இது பெரும்பாலும் 50 வயது தாண்டியவர்களுக்கு, பின்னிரவில், கண் மூடியபடியே வரும். எழுப்பினால் சட்டென்று தெளிந்து, 'நாய் கடிக்க வந்தது, எட்டி உதைத்தேன்' என்று கதை முழுவதும் சொல்வார்கள். உதை விழுந்தது பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு. சோகம் என்னவென்றால், கனவில் பல சமயம் அந்த மனைவியைக் காப்பாற்றத்தான் அவர் சண்டை போட்டிருப்பார்.

பகலில் இவர்கள் முரடர்களா? இல்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, இவர்களின் கனவுகளில் அடிதடி அதிகம், ஆனால் பகல் குணத்தில் மற்றவர்களைவிட ஆக்ரோஷம் அதிகமில்லை என்று காட்டியது. அப்படியானால் அடக்கி வைத்த கோபம் ராத்திரி வெளியே வருகிறதா? எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. கனவில் சிரிப்பவர்கள், பாடுபவர்கள், சாப்பிடுபவர்கள், கைத்தட்டுபவர்களும் இந்த நோயாளிகளிடையே உண்டு. சிரித்ததற்காக யார் டாக்டரிடம் போகிறார்கள்? மருத்துவமனை வாசலுக்கு வருவது மூக்கு உடைந்த கதைகள்தான். நம் கணக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதுவரை இது வினோத நோய். 1996-ல் அது கலவரமூட்டும் நோயாக மாறியது. ஷெங்க் குழுவினர் தங்களிடம் வந்த 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், 11 பேருக்குப் பிற்பாடு பார்க்கின்சன் போன்ற நடுக்கவாத நோய் வந்திருந்தது. அதே குழுவை விடாமல் பின்தொடர்ந்து 2013-ல் எழுதியபோது, தொடர்பில் இருந்த 26 பேரில் 21 பேருக்குப் பார்க்கின்சனோ, அதன் உறவான மறதி நோயோ வந்துவிட்டிருந்தது. 2019-ல் பல நாடுகளின் 24 மையங்கள் சேர்ந்து 1280 பேரைப் பார்த்தன: ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேர், 12 ஆண்டில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்.

காரணம் இடம்தான். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைனூக்ளீன் என்ற புரதம் கோணலாக மடிந்து செல்களுக்குள் திரண்டுவிடுகிறது. ஜெர்மனியின் ஹைகோ பிராக் 2003-ல் முன்வைத்த கருத்துப்படி, பலருக்கு இந்தத் திரட்சி மூளைத்தண்டின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறது. கையை நடுங்க வைக்கும் பகுதியை எட்டுவதற்கு முன் வழியில் நம் தாழ்ப்பாள் இருக்கிறது. முதலில் அது உடைகிறது. நடுக்கம் வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். இதே காலத்தில் மோப்பம் குறைவதும் மலச்சிக்கலும் சேர்ந்து வருவதுண்டு. அவற்றை வயசு என்று தள்ளிவிடுவார்கள்.

சரி, வீட்டில் யாராவது தூக்கத்தில் கத்தினால் உடனே பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டியதில்லை. எப்போதோ ஒருநாள் திடுக்கிட்டு எழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் தாழ்ப்பாளைத் தளர்த்தும் (அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது). கடும் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களும் திணறி எழும்போது கை காலை வீசுவார்கள். மூச்சுக் கோளாறைச் சரிசெய்தால் அது நின்றுவிடும். தூக்கப் பரிசோதனையில் ஒரு ராத்திரி படுத்தால், ரெம் நேரத்தில் தாடைத் தசை துடிக்கிறதா என்று பார்த்து மருத்துவர் பிரித்துச் சொல்லிவிடுவார். குளோனசெபாம், மெலடோனின் என்ற இரண்டும்தான் வழக்கமாகத் தரும் மருந்துகள். உதை குறையும், பின்னால் வரும் நோயை அவை தடுப்பதில்லை. அதோடு அடிபடாமல் இருக்கக் கட்டிலின் உயரத்தைக் குறைத்து, அல்லது தரையில் மெத்தை போட்டு, கண்ணாடிச் சாமான்களைத் தள்ளி வைப்பது, மனைவி கொஞ்ச நாள் தனியே படுப்பது. நம் வீடுகளில் இந்தக் கடைசி யோசனையைச் சொல்வதுதான் சிரமம்.

பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃப் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஒரு கவனிப்பு எனக்கு இன்னும் ஆச்சரியம் தருகிறது. ஏற்கெனவே பார்க்கின்சன் வந்து, இந்தக் கனவுக் கோளாறும் உள்ளவர்களைப் பற்றி அவர்களுடைய துணைகளிடம் கேட்டார்கள். பகலில் நடையும் பேச்சும் தளர்ந்துபோனவர், சட்டைப் பொத்தானுக்குத் திணறுபவர். அவரே கனவில் எதிரியை விரட்டும்போது கை வேகமாக வீசுகிறது, குரல் கணீரென்று வருகிறது என்று பெரும்பாலான துணைகள் சொன்னார்கள். காணொளியில் பார்த்தபோதும் நடுக்கம் இல்லை, மந்தம் இல்லை. பகலில் கட்டளைகள் போகும் பழுதான பாதையைக் கனவுக் கட்டளைகள் சுற்றிக்கொண்டு போகின்றன போலிருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எழுப்பிவிட்டால், பழைய தளர்ந்த குரலில், 'யாரோ வந்தாங்க' என்கிறார்.